இயக்குநர் அலுவலகத்தில் இறந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஷிராஹ் வேலைக்கு வந்தபோது மேசைமேல் ஒரு கடிதம் கிடந்தது. வலி தணிப்புப் பிரிவில் கடந்த மூன்று மாதங்களில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் இறந்திருக்கிறார்கள், மருத்துவமனை முழுவதற்கும் அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றுக்கு மூன்று, இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கீழே தரக்கட்டுப்பாட்டு அலுவலர் உஸ்தாத் ஸர்வத்தின் கையெழுத்து.

இன்ஷிராஹ் ஈரக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மூன்றாம் கட்டிலில் இருந்தவருக்கு மார்ஃபின் கொடுத்து, அவர் முகம் தளரும்வரை பக்கத்தில் நின்றாள். ஏழாம் கட்டில்காரரின் மருமகளுக்கு, மாமனாரை எப்படித் தோள் வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பது என்று மறுபடி ஒருமுறை காட்டிக் கொடுத்தாள். அதன்பிறகு கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘காரணம்: புற்றுநோய்’ என்று எழுதி அனுப்பிவைத்தாள்.

பதினோரு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

அலெக்சாந்திரியாவின் கடற்கரைச் சாலையில் இருந்த ஆறு மாடி மருத்துவமனை அது. ஆறாவது மாடியில், மூன்று ஜன்னல் நிறையக் கடல் தெரியும் அறை இயக்குநருடையது. வலி தணிப்புப் பிரிவு இரண்டாம் மாடியில், பின்பக்கம். பதினொரு கட்டில்கள். அங்கிருந்து பார்த்தால் சலவைக்கூடத்தின் சுவரும் அதன் நீராவிக் குழாயும் தெரியும். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்கள்.

இன்ஷிராஹுக்கு நாற்பத்தாறு வயது. வேறு யாரும் போக விரும்பாததால் பன்னிரண்டு வருடம் முன்பு அந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவள், போன இடத்தில் வேரூன்றிவிட்டாள். விடுப்பு எடுத்துக்கொண்டு கெய்ரோவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றாள். மார்ஃபின் அலமாரியின் சாவி பிரிவிலேயே இருக்க வேண்டும் என்று இரண்டு வருடம் மல்லுக்கட்டி வாங்கினாள். ஐந்து நர்ஸுகளைத் தயார் செய்தாள். ஆனால் ஆறு வருடமாக அவள் பொறுப்புத் தலைமைச் செவிலியர்தான். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘தலைமைச் செவிலியர்’ என்று அச்சாகியிருக்க, அதற்கு முன்னால் ‘பொறுப்பு’ என்று யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். பேனா எழுத்து மங்கும்போதெல்லாம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அதன்மேல் மறுபடி எழுதிவிட்டுப் போவார்.

இயக்குநர் டாக்டர் ரவூஃப் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மென்மையானவர். யாரும் சாகாத துறை எது என்று விசாரித்துத்தான் இளம் வயதில் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று மருத்துவமனையில் பேச்சு உண்டு. அவருக்குப் பக்கத்தில் உஸ்தாத் ஸர்வத் உட்கார்ந்திருந்தார். போன வருடம்வரை சமையலறைக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், மூன்று வாரப் பயிற்சி முடித்துத் தரக்கட்டுப்பாட்டுக்கு வந்திருந்தார்.

“மிஸ் இன்ஷிராஹ், காரணம் புற்றுநோய்னு எழுதியிருக்கீங்க” என்றார் இயக்குநர்.

“ஆமா டாக்டர். நாலு பேருக்கு சிறுநீரகம். அதையும் எழுதியிருக்கணும், விட்டுப் போச்சு.”

“அது நோய், மிஸ்” என்றார் ஸர்வத். “நாங்க கேக்குறது காரணம். வேலை செய்யற முறையில எங்க கோளாறுன்னு கேக்குறோம்.”

“கோளாறு ஒண்ணும் இல்ல உஸ்தாத். சாகப் போறவங்களத்தான் எங்ககிட்ட அனுப்புறாங்க.”

“அப்ப சேக்கும்போதே பாத்துச் சேக்கலாமே.”

“யாரைப் பாத்து?”

“கொஞ்சம் தெம்பா இருக்கறவங்களா.”

இன்ஷிராஹ் இயக்குநரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

“உங்க நியமன ஃபைல் இந்த மேசையிலதான் இருக்கு, மிஸ்” என்றார் அவர். “கையெழுத்துப் போடணும்னுதான் எனக்கும் ஆசை. இப்படி ஒரு எண்ணை வச்சிக்கிட்டு நான் எப்படிப் போடறது? மேல கேட்டா என்ன சொல்வேன்? நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேரை அனுப்பி வச்ச அம்மாவுக்குப் பதவி உயர்வுன்னா?”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. “அப்ப ஒண்ணு செய்யுங்க டாக்டர். உயிர் போறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆளை வேற பிரிவுக்கு மாத்திட்டதா எழுதிடுங்க. எங்க தலையில விழாது.”

ஸர்வத் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

*

எந்தப் பிரிவுக்கு மாற்றுவது என்பதில்தான் ஒரு வாரம் போயிற்று. அறுவைப் பிரிவு கதவையே சாத்திவிட்டது. அவர்களுக்கே எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. குழந்தைகள் பிரிவின் தலைவி, “எழுவத்தெட்டு வயசுக் குழந்தைன்னு எழுதட்டுமா?” என்று கேட்டார். கண் பிரிவு டாக்டர் நெஞ்சில் கைவைத்து, “பதினாறு வருஷமா எங்ககிட்ட ஒருத்தர்கூடச் சாகலை. அந்தப் பேரைக் கெடுத்துடாதீங்க” என்று கெஞ்சினார். ஸர்வத் சலவைக்கூடத்தில்கூடக் கேட்டுப் பார்த்தார்.

கடைசியில் பிரிவுகளின் பட்டியலில் முதல் வரியை அவர் கவனித்தார். எண் ஒன்று: இயக்குநர் அலுவலகம். மருத்துவமனையின் எல்லாப் பிரிவுக்கும் இறப்பு வரம்பு இருந்தது. அதற்கு மட்டும் இல்லை. அங்கே யாரும் சாவார்கள் என்று வரம்பு போட்டவர்களுக்குத் தோன்றவில்லை.

கிடங்கில் பச்சைத்தாள் மிஞ்சியிருந்ததால் படிவம் பச்சையில் அச்சாயிற்று. மூச்சு மாறத் தொடங்கியதும் பணியில் இருக்கும் நர்ஸ் அதை நிரப்ப வேண்டும்: இன்னார், இன்ன நேரத்தில், இயக்குநர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். ஆளை அசைக்க வேண்டியதில்லை. மருந்து நிற்காது. உறவினர் கை விடாது. காகிதம் மட்டும் நான்கு மாடி ஏறும்.

இன்ஷிராஹ் அதில் கையெழுத்திட மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். கட்டிலருகே பொய் சொல்லக்கூடாது என்பதுதான் புதிதாக வரும் நர்ஸுகளுக்கு அவள் சொல்லும் முதல் பாடம். ‘கட்டிலருகே யாரும் எதுவும் சொல்லப் போவதில்லையே, இது மாடிப்படியில் நடக்கிற பொய்தானே’ என்று தனக்குத்தானே வாதாடினாள். அந்த வாதம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆறு வருடம் என்ற நினைப்பு அதைவிடப் பலமாக இருந்தது. கையெழுத்திட்டாள்.

அடுத்த வாரம் புது அட்டை வந்தது. அதில் பேனா எழுத்து இல்லை. கணவன் ஆத்திஃப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் பஸ்பூஸா வாங்கி வந்தான். பாகில் ஊறிய அந்த ரவைத் துண்டுகளில் இரண்டைத் தின்றாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

“இனிப்பு தூக்கலா?” என்றான் ஆத்திஃப்.

“இல்ல. நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

*

பச்சைப் படிவத்தால் வரக்கூடிய தொல்லைகளையெல்லாம் ஸர்வத் யோசித்து வைத்திருந்தார். உறவினர்கள் சந்தோஷப்படுவார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

முதல் ஆள் ஹம்மாம் என்ற தச்சன். அப்பாவின் இறப்புத் தாளை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தான். “பிரிவு: இயக்குநர் அலுவலகம்” என்று வந்ததும் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“எங்கப்பாவை இயக்குநர் ரூமுக்கா கொண்டு போனீங்க, மிஸ்?”

“தாள்ல அப்படித்தான் இருக்கு, ஹம்மாம்” என்றாள் இன்ஷிராஹ்.

“வாழ்நாள் முழுக்க ஒரு ஆஃபீஸ்லயும் அந்த மனுஷனை உக்காரச் சொன்னதில்ல” என்றான் ஹம்மாம். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒரு பெரிய தட்டு நிறையக் குனாஃபா இனிப்போடு ஆறாவது மாடிக்கு ஏறிப்போய் டாக்டர் ரவூஃபின் தோளில் முத்தமிட்டான். “கடைசி மூச்சுல பக்கத்துலயே இருந்தீங்களாமே டாக்டர்.” டாக்டர் ரவூஃப் தடுமாறி, “என் கடமை” என்றார்.

பழைய துறைமுகப் பகுதியான பஹரியின் காபிக்கடைகளில் செய்தி பரவியது. அந்த ஆஸ்பத்திரியில் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை, நேரம் வந்துவிட்டால் இயக்குநரின் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அவர் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நேரே ஆறாவது மாடிக்குப் போகத் தொடங்கினார்கள். வெளித்தாழ்வாரத்தில் நாற்காலிகள் போட வேண்டியதாயிற்று. பிறகு துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபி கொடுக்க ஒரு ஆளையும் போட்டார்கள். ஒரு நகராட்சி உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் வந்தது: ‘இதைக் கொண்டுவருபவர் எனக்கு வேண்டியவர். இவருடைய மாமியாரைத் தங்கள் அலுவலகத்தில் இறக்க அனுமதித்தால் நன்றியுள்ளவனாவேன்.’

மூன்று மாத முடிவில் வலி தணிப்புப் பிரிவின் இறப்பு விகிதம் பூஜ்யம். கெய்ரோவில் நடந்த தர மாநாட்டுக்கு இன்ஷிராஹை அழைத்தார்கள். நூற்றைம்பது பேர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஏறும்வரை ஸர்வத் எழுதிக் கொடுத்த தாள் அவள் கையில்தான் இருந்தது. ஒலிபெருக்கியின் முன் நின்றதும் அதை மடித்துக்கொண்டாள்.

“எங்க பிரிவுக்கு வர்றவங்க இறந்துபோயிடறாங்க” என்றாள். “எல்லாருமே. அது அவங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். வலியில்லாம, தனியா இல்லாம, பயம் கொறைஞ்சு போகணும். அவ்வளவுதான் நாங்க பாக்குறது. வேற எதையும் நாங்க கொறைக்கல.”

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சாதித்தவர்களுக்கே உரிய அடக்கம் என்று அடுத்துப் பேசியவர் சொன்னார். அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அலெக்சாந்திரியா திரும்பியபோது அவளை மருத்துவமனையின் செவிலியர் துணைக் கண்காணிப்பாளராக ஆக்கியிருந்தார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பதவி உயர்வு கொடுத்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரயிலில் வந்த வழியெல்லாம் கேடயத்தைப் பைக்குள் துண்டால் மூடி வைத்திருந்தாள்.

*

ஜனவரியில், புயல் காலத்தின் நடுவில், மாகாண சுகாதாரத் துறையிலிருந்து ஸர்வத்துக்கு ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு மூன்று படிகளை ஒரே தாவலாகத் தாவி இன்ஷிராஹிடம் ஓடிவந்தார்.

“மாகாணத்துலயே அதிகமான இறப்பு எங்க தெரியுமா? நம்ம இயக்குநர் அலுவலகத்துல. மூணு மாசத்துல முப்பத்தாறு பேர். அதுவும் கட்டிலே இல்லாத ரூம்ல. விசாரிக்கக் குழு வருது, மிஸ். டாக்டர் இஸ்ஆத் தலைமையில.”

“உண்மையச் சொல்லிடுங்க.”

“சொல்லலாம். அப்ப நீங்க கையெழுத்துப் போட்ட முப்பத்தாறு படிவமும் பொய்னு ஆயிடும். நான் போட்டது முப்பத்தாறு. டாக்டர் போட்டது முப்பத்தாறு.” ஸர்வத் நாற்காலியில் விழுந்தார். “ஒரே வழிதான் இருக்கு. எழுதினதை உண்மையாக்கிடணும். அவரு ரூம்ல ஒரு கட்டில் போடணும், அதுல ஒரு நோயாளி இருக்கணும். மூணே நாளைக்குத்தான்.”

இன்ஷிராஹ் மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது ஒன்பதாம் கட்டில் ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் மித்வல்லி. நாற்பது வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். படகுத் தலைவர்களையும் அலுவலகத் தலைவர்களையும் அந்த ஊரில் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸுகளும் அவரை ரயிஸ் என்றே கூப்பிட்டார்கள். கணையத்தில் புற்று. ஒட்டிப்போன உடம்பு, ஒட்டாத குரல். வந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான்.

“கெட்டதிலயும் கெட்டது இந்தச் சுவரு, மகளே. சலவைக்காரன் சுவரைப் பாத்துக்கிட்டுச் சாகறதுக்கா நாப்பது வருஷம் தண்ணியில கெடந்தேன்? கடல் பக்கமா ஒரு ஜன்னல் இல்லையா இந்தக் கட்டடத்துல?”

ஆறு வாரமாக, இல்லை ரயிஸ் என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கிற ஜன்னல்களெல்லாம் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஸர்வத்தோடு ஆறாவது மாடிக்குப் போனாள். “மூணு நாள் ஏற்பாட்டுக்கு நான் வர மாட்டேன் டாக்டர். ரயிஸை இங்க கொண்டுவந்தா, அவரு போற வரைக்கும் இங்கதான். நடுவுல கீழ இறக்க விடமாட்டேன்.”

“எத்தனை நாள் ஆகும்?” என்றார் டாக்டர் ரவூஃப்.

“தெரியாது. ரெண்டு வாரம் இருக்கலாம்.”

“நான் எங்க உக்காருவேன்?”

கட்டடத்தில் வேறு காலி இடம் இல்லை. ஒன்பதாம் கட்டில் மேலே போவதால் அதன் இடம்தான் காலி. அன்று மதியமே ரயிஸ் மேலே ஏறினார், இயக்குநரின் மேசை கீழே இறங்கியது. லிஃப்டைக் கட்டில் எடுத்துக்கொண்டதால் மேசை படிக்கட்டில் வந்தது.

மூன்று ஜன்னலையும் ரயிஸ் மித்வல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். துறைமுகத்துக்கு வெளியே ஏழு கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன.

“அந்த மூணாவது தப்பா நிக்குது” என்றார் கடைசியில். “காத்து திரும்பினா இடிக்கும்.” பிறகு தலையணையில் சாய்ந்து, “கடவுள் உன் வயித்தைக் குளிர வைக்கணும், மகளே” என்றார்.

*

டாக்டர் ரவூஃப் முதல் நாள் முழுவதும் எட்டாம் கட்டிலுக்கும் பத்தாம் கட்டிலுக்கும் நடுவில், கோப்புகளைவிட்டுத் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். யாராவது இருமினால் அவருடைய பேனா நின்றுவிடும். பத்தாம் கட்டிலில் இருந்த உம் வக்தி, மார்பிலிருந்து எலும்புக்குப் பரவிய நோயோடு வந்த பருத்த பெண்மணி, அவரை ஒரு நாள் பார்த்தாள். இரண்டாம் நாள் பார்த்தாள்.

“என்ன டாக்டர் நீங்க?” என்றாள்.

“இயக்குநர்.”

“என்னது?”

“இயக்குநர்” என்று சத்தமாகச் சொன்னார்.

“அது வேலை. எந்த உறுப்புக்கு டாக்டர்னு கேட்டேன்.”

“காது, மூக்கு, தொண்டை.”

“அப்ப இந்தக் காதைப் பாருங்க. மூணு வருஷமா மழை பெய்யற மாதிரியே இருக்கு.”

அவர் தப்பிக்க வழி தேடினார். இன்ஷிராஹ் மருந்துத் தட்டோடு வழியில் நின்றிருந்தாள், நகரவில்லை. காதுநோக்கியை வரவழைத்தார். பார்த்தார். வெந்நீரும் பீச்சுக்குழலும் கேட்டார். கால் மணி நேரத்தில் உம் வக்தியின் காதிலிருந்து பேரீச்சங்கொட்டை அளவுக்கு அழுக்கு வெளியே வந்தது. அவள் தலையைச் சாய்த்து அறையைக் கேட்டாள். சலவைக்கூடத்திலிருந்து பெண்கள் சண்டை போடும் சத்தம் தெளிவாக வந்தது.

“என் மருமக மெதுவாப் பேசற பொண்ணுன்னு நினைச்சிட்டு இருந்தேன்” என்றாள் யோசனையோடு. “இனிமே தெரியும்.”

வியாழக்கிழமைக்குள் டாக்டர் ரவூஃப் எட்டுப் பேருக்குக் காது சுத்தம் செய்திருந்தார். ஒருவருக்கு வாய்ப்புண்ணுக்கு மருந்து எழுதினார். பத்து நாளாக எதையும் மெல்ல முடியாதிருந்த அந்த மனிதர் ரொட்டியை, ஃபூல் என்ற மொச்சை மசியலில் தொட்டுத் தின்றார். டாக்டர் மேசையில் உட்காருவது குறைந்தது. இரண்டாம் கட்டில்காரருக்குக் கடைசி நேரம் வந்தபோது மட்டும் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். இன்ஷிராஹ் அதைப் பார்த்தாள்.

இயக்குநரின் தொலைபேசியை மேலேயே மறந்துவிட்டிருந்தார்கள். அது அடித்துக்கொண்டே இருந்தது. ரயிஸ் எடுத்துப் பேசத் தொடங்கினார்.

*

குழு வந்த அன்று நல்ல மழை. டாக்டர் இஸ்ஆத் அறுபது வயதை நெருங்கிய, குடையை யாரிடமும் கொடுக்காத பெண்மணி. இரண்டு உதவியாளர்களோடு ஆறாவது மாடிக்கு ஏறி, கதவைத் தட்டாமல் திறந்தார். இன்ஷிராஹும் ஸர்வத்தும் பின்னால் நின்றார்கள்.

ரயிஸ் மித்வல்லி தலையணையில் சாய்ந்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “மூணு நாளெல்லாம் பத்தாது. அம்மாவுக்கு ஆபரேஷன்னா ஒரு வாரம் லீவு எடுத்துக்க. ஆமா, நான்தான் சொல்றேன். ரயிஸ் பேசறேன்.” வைத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்தார். “உக்காருங்க. காபி சொல்லட்டுமா?”

“இயக்குநர் எங்கே?” என்றார் டாக்டர் இஸ்ஆத்.

“ரெண்டாவது மாடியில. காது குடைஞ்சிட்டு இருக்காரு.”

“நீங்க யாரு?”

“சாகப் போறவன், அம்மா. இங்க அதுக்குத்தான் கட்டில் போட்டிருக்காங்க.”

டாக்டர் இஸ்ஆத் அவருடைய வலிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். மார்ஃபின் அளவுகள், நேரங்கள், புரட்டிய விவரம், எல்லாம் வரிசையாக இருந்தன. ரயிஸ் மேலே வந்த நாளிலிருந்து இன்ஷிராஹ் ஒரு வேளைகூடத் தவற விட்டிருக்கவில்லை. வலி எப்படி இருக்கிறது என்று ரயிஸிடம் கேட்டார். “இருக்கு. ஆனா எம்மேல ஏறி உக்காரலை” என்றார் அவர். டாக்டர் இஸ்ஆத் ஜன்னலருகே போய் நின்று நிறைய எழுதினார்.

இன்ஷிராஹுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தாழ்வாரத்துக்கு வந்ததும், “டாக்டர், இவருக்கு முன்னாடி அந்த ரூம்ல யாருமே இல்ல. முப்பத்தாறு பேரும் ரெண்டாவது மாடியில இறந்தவங்க. நான்தான் மாத்திக் கையெழுத்துப் போட்டேன்” என்றாள். ஸர்வத் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இஸ்ஆத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸ், நான் வந்தது கட்டில் இருக்கா இல்லையான்னு பாக்க. இருக்கு. நீங்க சொல்றதை எழுதினா, முப்பத்தாறு இறப்பை ரத்து பண்ணிட்டு மறுபடி போடணும். அந்த முப்பத்தாறு குடும்பமும் ஆஃபீஸ் ஆஃபீஸா ஏறணும். நாளைக்கே அந்தப் பச்சைத்தாளை நிறுத்துங்க. இனிமே எங்க சாகறாங்களோ அங்கதான் எழுதணும். வரம்பு எண்ணைப் பத்தி நான் மேல பேசறேன். சாகற இடத்துக்குச் சாவு வரம்பு போட்டவன் யாருன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்.”

பத்து நாளில் அறிக்கை வந்தது. இயக்குநர் அலுவலகம் மாகாணத்திலேயே சிறந்த வலி தணிப்பு இடமாகக் காணப்பட்டது. வெளிச்சம், காற்று, மருந்து, கவனிப்பு எல்லாம் திருப்தி. ஒரே ஒரு குறை: இப்பேர்ப்பட்ட பிரிவுக்குத் தலைமை வகிப்பவர் வலி தணிப்பில் பயிற்சியும் பத்து வருட அனுபவமும் உள்ள செவிலியராக இருக்க வேண்டும் என்பது விதி. தற்போதைய தலைவருக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே உடனடியாக மிஸ் இன்ஷிராஹை இயக்குநர் அலுவலகத்தின் தலைவராக நியமிக்க வேண்டும்.

“அதாவது, எனக்கு மேல நீங்க” என்றார் டாக்டர் ரவூஃப், தாளை இரண்டு முறை படித்துவிட்டு. அவருக்குக் கோபம் வரவில்லை. கையில் பீச்சுக்குழல் இருந்தது.

“உங்க ரூமுக்கு மட்டும்” என்றாள் இன்ஷிராஹ்.

அவள் ஒப்புக்கொண்டாள். கட்டில்களையெல்லாம் கடல் பக்கம் மாற்ற வேண்டும், அலுவலகங்கள் சலவைக்கூடத்தின் பக்கம் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். ஸர்வத் மறுப்பு எழுத உட்கார்ந்தார். எந்த விதியிலும் அதற்கு இடமில்லாததால் ஒப்புதல் எழுதினார்.

*

ரயிஸ் மித்வல்லி பதினெட்டாவது நாள் காலை பத்து மணிக்குமேல் இறந்தார். அன்று கடல் தெரியவே இல்லை. இரண்டு நாள் புயலில் கண்ணாடி முழுக்க உப்புப் படிந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. இன்ஷிராஹ் துணியோடு ஜன்னலைத் திறக்கப் போனாள். காற்று கதவையே பிடுங்கிவிடும் போலிருந்தது.

“விடு, மகளே” என்றார் ரயிஸ். “சத்தத்துலயே தெரியுது. மேற்குக் காத்து. ஒருத்தனும் உள்ள வர மாட்டான் இன்னைக்கு.”

அவருடைய மகள் நகாத் ஒரு பக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்திருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. இன்ஷிராஹ் கீழே ஆளனுப்பி டாக்டர் ரவூஃபை வரச் சொன்னாள். அவர் வந்து கதவோரம் நின்றார், முகம் வெளுத்திருந்தது.

“நான் என்ன செய்யணும்?” என்று கிசுகிசுத்தார்.

“ஒண்ணும் செய்ய வேணாம் டாக்டர். அந்தப் பக்கம் உக்காந்து, அந்தக் கையப் பிடிச்சுக்குங்க.”

அவர் உட்கார்ந்தார். கையைப் பிடித்தார். தொலைபேசி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. நகாத் குனிந்து அப்பாவின் காதில் ஷஹாதா கலிமாவைச் சொன்னாள். டாக்டர் ரவூஃப் அந்தக் கையை விடவில்லை. இன்ஷிராஹ் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ரயிஸின் கண்களை மூடிவிட்டு, நகாத்தின் பின்னால் வந்து அவள் தோளில் கைவைத்து நின்றாள். அறிக்கைகள், கேடயம், அட்டை எதுவும் அப்போது அவள் நினைவில் இல்லை. ரயிஸின் தாடையில் இரண்டு நாள் மயிர் வளர்ந்திருந்தது மட்டும் உறுத்தியது. நேற்றே மழித்திருக்கலாம் என்று நினைத்தாள்.

மார்ச்சில் பிரிவு மேலே போயிற்று. அதே வாரம் லிஃப்ட் பழுதானதால் ஒன்பது பேரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். முன்பக்கம் ஸர்வத், பின்பக்கம் டாக்டர் ரவூஃப். உம் வக்தி மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள்.

“கடல்ல என்ன இருக்கு? ஒரே சத்தத்தையே திரும்பத் திரும்பப் போடும்” என்றாள். “இங்க பாருங்க, சலவைக்கூடத்துல அந்த ஸமீரா, மாமியாரை விட்டுட்டுத் தனிக்குடித்தனம் போகலாமா வேணாமான்னு இன்னிக்கு முடிவு பண்றா. பாதியில விட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

அவளை அங்கே வைத்திருக்க எந்த விதியிலும் இடமிருக்கவில்லைதான். இயக்குநர் அலுவலகத் தலைவர் இன்ஷிராஹ், இடம்மாறி வந்த பணியாளர் பிரிவின் அலமாரிகளுக்கு நடுவில் அவள் கட்டிலை அப்படியே விட்டுவைக்கச் சொன்னாள். தினமும் காலையில் முதல் வேலையாக இறங்கிப்போய் மருந்து கொடுப்பாள். ஒருநாள் மருந்து கொடுத்து முடித்தும் போகாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஸமீரா என்ன சொன்னா?”

“உஷ்” என்றாள் உம் வக்தி, ஜன்னல் பக்கம் காதைத் திருப்பி. “இப்பத்தான் மாமியாக்காரி உள்ள வர்றா.”